பெயின்ட்பால் ஆட எந்தக் காலணி: பூட்ஸா, ஸ்டட் வைத்ததா, வீட்டில் இருப்பதே போதுமா?

கோவைக்காரி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து முப்பது பேர் பெங்களூருக்கு வெளியே உள்ள ஒரு காட்டுத் திடலில் ஒரு நாள் முழுவதும் பெயின்ட்பால், அதாவது சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுடும் ஆட்டம், ஆடப் போகிறோம். முகமூடி, மேலங்கி, மார்க்கர் (குண்டு சுடும் துப்பாக்கி) ஆகியவற்றை அங்கேயே தந்துவிடுவார்கள். காலணி மட்டும் அவரவர் பொறுப்பு என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார்கள். வாடகை பூட்ஸ் உண்டாம், ஆனால் எட்டாம் எண்ணுக்குக் கீழே எதுவும் கிடையாதாம். என் கால் ஐந்தாம் எண்.

என்னிடம் இப்போது இருப்பவை இரண்டு. ஒன்று, காலை நடைக்குப் போட்டுக்கொள்ளும் வலைத்துணி ஓட்டக் காலணி. மற்றொன்று, கல்லூரியில் படித்தபோது மலையேற்றத்துக்காக வாங்கி, எட்டு ஆண்டுகளாகப் பரணில் அட்டைப்பெட்டியோடு கிடக்கும் பூட்ஸ். பார்க்கப் புதிதுபோலவே இருக்கிறது. உடன் பணிபுரியும் ஒருவர், அடியில் முனைகள் வைத்த கால்பந்து ஸ்டட் காலணிதான் சரி என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் படியில் தவறி வலது கணுக்கால் பிசகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஆட்டத்துக்காக மூவாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க மனமில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஈப்போவாசி

வணக்கம் சகோதரி. பதினோரு ஆண்டுகளாக இங்கே மலேசியாவில் வார இறுதிகளில் ஆடி வருகிறேன். காலணியைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, எந்தத் தரையில் ஆடப் போகிறீர்கள் என்பதுதான். பெயின்ட்பால் என்ற ஒரே பெயரில் காலுக்கு முற்றிலும் வேறான இரண்டு ஆட்டங்கள் நடக்கின்றன. ஒன்று, செயற்கைப் புல் விரிப்பிலோ சமன் செய்த மைதானத்திலோ, பதுங்குவதற்கான காற்றடைத்த பங்கர் என்ற மறைப்புகளுக்கு நடுவே சில நிமிடங்களில் முடிந்துவிடும் வேக ஆட்டம். அதில் தொடக்க ஒலி கேட்டதும் பாய்ந்து ஓடுவது, சறுக்கி விழுந்து பங்கருக்குள் புகுவது, மண்டியிட்டபடி இடமும் வலமும் எட்டிப் பார்ப்பது ஆகியவையே காலின் வேலை. மற்றொன்று காட்டு ஆட்டம். வேர், கல், பள்ளம், சருகு எல்லாவற்றின் மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தும் பதுங்கியும் போக வேண்டியிருக்கும்.

உங்கள் நண்பர் சொல்லும் ஸ்டட் காலணி முதல் வகைக்குப் பொருந்தும். அதிலும் வார்ப்பாக வந்த பிளாஸ்டிக் அல்லது ரப்பர் ஸ்டட்டுகள்தான் ஏற்புடையவை. திருகிப் பொருத்தும் உலோக முனை ஸ்டட்டுகளைப் பெரும்பாலான திடல்களில் அனுமதிப்பதில்லை. காற்றடைத்த பங்கர் கிழியும், செயற்கைப் புல் பிய்ந்துவிடும், சறுக்கி வரும்போது எதிரே இருப்பவரின் முழங்காலிலும் பாயும். செயற்கைப் புல்லுக்கு நீண்ட ஸ்டட்டுகளைவிட, அடியில் சிறுசிறு ரப்பர் குமிழ்கள் நிறைந்த டர்ஃப் காலணி பாதுகாப்பானது என்பது என் கருத்து. நீண்ட ஸ்டட் தரையில் பாதத்தைப் பூட்டிவிடும். உடல் திரும்பினாலும் பாதம் திரும்பாது. அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் இறங்கும்.

நீங்கள் போவது காட்டுத் திடல். அங்கே ஸ்டட் போட்டுப் பாறையிலோ வேரிலோ கால் வைத்தால், ஆறேழு சிறு முனைகளின் மேல் நிற்பதுபோல ஆகும். அது வேண்டாம். ஓட்டக் காலணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்குள் ஆடிய தொடக்கக் காலத்தில் நானும் வலைத்துணிக் காலணிதான் போட்டிருந்தேன். உதிர்ந்து கிடந்த மட்டையின் முள் வலைத்துணியைத் துளைத்துச் சுண்டுவிரலுக்குள் ஏறிய அன்றோடு அந்தப் பழக்கம் முடிந்தது. கணுக்கால் எலும்பின் மேல் ஒரு குண்டு பட்டாலும், துணி மெல்லியதாக இருந்தால் வலி வேறு மாதிரி இருக்கும். திடல்களில் மார்க்கரின் வேகத்தை விநாடிக்கு 280 முதல் 300 அடிக்குள் கட்டுப்படுத்தி வைத்திருந்தாலும் அந்த வலி சாதாரணமானதல்ல.

பழைய கேடட்

இவ்வளவு யோசிக்க இதில் ஒன்றுமில்லை. ராணுவப் பொருள் விற்கும் கடையில் டி.எம்.எஸ். பூட்ஸ் கேளுங்கள். சோல் நேரடியாக அப்பரோடு, அதாவது பாதத்தை மூடும் மேல்பகுதியோடு, வார்க்கப்பட்டிருக்கும், பிரிந்து வராது. கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும் தோல் இருக்கும்போது கால் எப்படிப் பிசகும்? நான் என்.சி.சி.யில் மூன்று ஆண்டுகள் அதோடுதான் ஓடினேன்.

ஆம்பூர் அச்சு

ஆம்பூரில் ஏற்றுமதிக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் லாஸ்டிங் (அப்பரை அச்சில் இழுத்து வடிவம் தரும்) பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். பெயின்ட்பால் ஆடியதில்லை. ஆனால் பரணில் எட்டு ஆண்டுகள் இருந்த பூட்ஸ் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சகோதரி, அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு நேரே திடலுக்குப் போய்விடாதீர்கள். மலையேற்றக் காலணிகள் பலவற்றில், தரையைத் தொடும் ரப்பருக்கும் மேலே உள்ள அப்பருக்கும் நடுவே பாலியூரித்தேன் அடுக்கு ஒன்று இருக்கும். காற்றில் உள்ள ஈரம் அந்தப் பொருளை மெல்ல மெல்ல உள்ளிருந்தே சிதைக்கும். பயன்படுத்தினால் தேயும், பயன்படுத்தாவிட்டால் அப்படியே இருக்கும் என்று நாம் நினைப்பது இதற்குப் பொருந்தாது. அடிக்கடி போட்டு நடக்கும் காலணியைவிட, பெட்டிக்குள் காற்றோட்டமின்றிக் கிடக்கும் காலணியே பெரும்பாலும் முதலில் போகிறது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிஸ்கட்போல நொறுங்கும். ஊட்டிக்குப் போனோம், பாதி வழியில் இரண்டு சோலும் ஒன்றாகக் கழன்றன என்று வாடிக்கையாளர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கிறது. பசை மட்டமானது என்று எங்களைத் திட்டுவார்கள்.

சோதிப்பது எளிது. கட்டை விரல் நகத்தால் சோலின் பக்கவாட்டில், அந்த நடு அடுக்கில் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் மீண்டு வந்தால் நல்லது. நகம் பதிந்த இடம் உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். பிறகு இரண்டு கைகளாலும் முன்னும் பின்னும் பிடித்து வளையுங்கள். சோலுக்கும் அப்பருக்கும் நடுவே கோடு திறக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக வாங்குவதானால் கடையில் மூன்றே காரியங்களைச் செய்யுங்கள். வளைத்தால் காலணி பாதத்தின் முன்பகுதியில், விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிய வேண்டும். நடுவில் மடிந்தால் உள்ளே ஷாங்க் என்ற விறைப்பான தகடு இல்லை அல்லது வலுவாக இல்லை என்று பொருள். ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கினால் சற்றே எதிர்க்க வேண்டும். குதிகாலின் பின்புறத்தைக் கட்டை விரலாலும் சுட்டு விரலாலும் பிடித்து நசுக்கினால் எளிதில் அமுங்கக் கூடாது; அந்த இடத்துக்குள் நாங்கள் வைக்கும் கவுன்ட்டர் என்ற கெட்டித் தகடுதான் உங்கள் குதிகாலை நேராக நிறுத்துகிறது. விலை ஆயிரத்து ஐந்நூறா ஐயாயிரமா என்பதைவிட இந்த மூன்றும்தான் முக்கியம். மாலை நேரத்தில் போய் வாங்குங்கள், பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். எந்தக் காலுறையோடு ஆடப் போகிறீர்களோ அதை அணிந்தே அளவு பாருங்கள்.

ஸ்கார்பரோ சப்பாத்து

ஊரில் நாங்கள் சப்பாத்து என்றுதான் சொல்லுவோம், ஆகவே இந்தப் பெயர். டொரொன்டோவுக்கு வெளியே உள்ள காட்டுத் திடல்களில் ஆடுகிறவன். பழைய கேடட் அண்ணாவோடு மரியாதையுடன் முரண்படுகிறேன்.

இந்த விளையாட்டின் முதல் ஆட்டம் 1981ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் உள்ள ஹென்னிக்கர் என்ற ஊரில், பன்னிரண்டு பேருக்கு நடுவே நடந்தது. வெட்ட வேண்டிய மரங்களையும் மாடுகளையும் குறியிடப் பயன்பட்ட வண்ணத் துப்பாக்கிகளைத்தான் அவர்கள் கையில் எடுத்திருந்தார்கள். வென்றவர் ரிச்சி வைட் என்ற வனப் பணியாளர். அவர் ஒரு குண்டுகூடச் சுடாமல் காட்டில் வைத்திருந்த எல்லாக் கொடிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அன்று அவர் என்ன சப்பாத்துப் போட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது, ஆனால் காட்டில் சத்தமில்லாமல் கால் வைக்கத் தெரிந்தவர் வென்றார் என்பதை மட்டும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கனமான, மடங்காத அடி உள்ள ராணுவ பூட்ஸில், பாதத்தின் கீழே குச்சி இருப்பதை அது முறிந்த பிறகுதான் அறிவீர்கள். மெல்லிய அடியில், எடை முழுவதையும் இறக்குவதற்கு முன்பே கால் அதை உணர்ந்துவிடும்.

எனது பரிந்துரை காட்டுப்பாதை ஓட்டத்துக்கான சப்பாத்து. சாலையில் ஓடுவதைப் போல இலேசாக இருக்கும். ஆனால் அடியில் நான்கைந்து மில்லிமீட்டர் ஆழமுள்ள பற்கள் இருக்கும், விரல் நுனியில் ரப்பர் மடிப்பு ஏறியிருக்கும். மண்டியிடும்போது பின்காலின் நுனியே தரையில் தேய்கிறது என்பதால் அந்த மடிப்பு இல்லாத சப்பாத்து ஒரே பருவத்தில் கிழிந்துவிடும். ஒரேயொரு விதிவிலக்கு உண்டு: நவம்பர் பிற்பகுதியில் இங்கே தரை உறைந்த பிறகு நான் பூட்ஸுக்கு மாறிவிடுவேன். அந்தத் தொல்லை பெங்களூரில் உங்களுக்கு இல்லை.

பழைய கேடட்

சத்தமில்லாமல் நடப்பது நல்லதுதான். முப்பது பேர் கூச்சலிட்டு ஓடும் அலுவலகச் சுற்றுலாவில் யார் யாருடைய காலடியைக் கேட்கப் போகிறார்கள்? அவருக்கு ஏற்கெனவே கணுக்கால் பிசகியிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தொழிலகத் தோழன்

இடையில் ஒரு சிறு ஐயம். தொழிற்சாலையில் எனக்குத் தந்த பாதுகாப்புக் காலணி, இரும்பு முனை வைத்தது, வீட்டில் சும்மா இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா?

ஆம்பூர் அச்சு

தோழரே, அந்த இரும்பு முனை 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும் என்று தரவிதி சொல்கிறது. மேலிருந்து இரும்புத் துண்டு விழும் இடத்துக்கு அது. மூன்று கிராம் எடையுள்ள ஜெலட்டின் குண்டுக்கு அது தேவையில்லை. மண்டியிட்டால் முனையின் பின்விளிம்பு விரல்களின் மேல் வெட்டும், எடையும் அதிகம். அதைத் தொழிற்சாலையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

மதுரை இயன்முறையாளர்

கணுக்காலைப் பற்றி இரு தரப்பும் உறுதியாகப் பேசுவதால் என் துறையிலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கணுக்கால் பிசகுவதில் பெரும்பாலானவை பாதம் உட்புறமாக மடங்கி, வெளிப்பக்கத் தசைநார்கள் இழுபடுவதால் நேர்பவை. உயரமான காலணி இதைத் தடுத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை, ஆனால் ஆய்வு முடிவுகள் அந்த நம்பிக்கைக்கு ஒரேமாதிரியாகத் துணை நிற்கவில்லை. மாறாக, ஏற்கெனவே பிசகிய காலுக்கு, காலணிக்கு உள்ளே நாடா கட்டி அணியும் கணுக்கால் பட்டை மீண்டும் பிசகும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் வலுவாக இருக்கின்றன. ஆகவே உயரமா தாழ்வா என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. கோவைச் சகோதரி எதைத் தேர்ந்தெடுத்தாலும் வலது காலுக்கு அந்தப் பட்டையை வாங்கி, அதையும் போட்டுக்கொண்டே காலணிக்கு அளவு பார்க்கட்டும். பட்டை போட்டால் காலணி இறுகும்.

பூட்ஸைப் பற்றிப் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புதிய, பழகாத உயர் பூட்ஸில் பாதத்துக்கும் குதிகால் கப்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால், மேலே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே குதிகால் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். பிசகு தொடங்குவது அங்கேதான். தாழ்ந்த காலணியானாலும் குதிகாலைக் கவ்விப் பிடித்தால் அதுவே மேல்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. காலையில் பல் துலக்கும் இரண்டு நிமிடமும் வலது காலில் மட்டும் நில்லுங்கள். முதல் வாரம் கழுவு தொட்டியைப் பிடித்துக்கொள்ளலாம், பிறகு பிடிக்காமல். பிசகிய மூட்டு தன் நிலையை உணரும் திறனைச் சற்று இழந்திருக்கும், அதை மீட்க இதைவிட மலிவான வழி இல்லை. திடலில் யாருக்காவது பிசகி, அவரால் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் துடித்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு காத்திராமல் எக்ஸ்ரே எடுக்க அழைத்துச் செல்லுங்கள்.

கோவைக்காரி

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மிக்க நன்றி. ஆம்பூர் ஐயா சொன்னபடி நேற்றிரவு பரணிலிருந்து பூட்ஸை இறக்கினேன். நகத்தால் அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. ஐயா சற்று மிகையாகப் பயமுறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டே இரண்டு கைகளாலும் வளைத்தேன். காய்ந்த ரொட்டி முறிவதுபோல ஓர் ஒலி கேட்டது. இடது பூட்ஸின் குதிகாலிலிருந்து பாதி நீளம்வரை சோல் வாய் பிளந்தது; உள்ளிருந்து சாம்பல் நிறத் துகள் சமையலறைத் தரையெங்கும் கொட்டியது. துகளைப் பெருக்கி அள்ளும்போது என் மாமியார், "எட்டு வருசமா இதையா பத்திரமா வச்சிருந்தே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே இன்று மாலை கடைக்குப் போகிறேன். காட்டுப்பாதைக் காலணி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன், பழைய கேடட் அண்ணா மன்னிக்க வேண்டும். பற்கள் எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும், மழை பெய்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஈப்போவாசி

பற்களின் ஆழத்தைவிட அவற்றின் இடைவெளியைப் பாருங்கள். செம்மண் ஈரமானால் பசைபோல் ஆகும். பற்கள் நெருக்கமாக இருந்தால் மண் அவற்றுக்கு நடுவே அடைத்துக்கொண்டு, பத்து அடிக்குள் அடிப்பாகம் வழுவழுவென்று தட்டையாகிவிடும். பிறகு அது பல் வைத்த காலணியே அல்ல. உங்கள் சுண்டுவிரல் நுனி புகும் அளவுக்கு இடைவெளி இருந்தால் ஓடும்போதே மண் உதிர்ந்துகொள்ளும்.

நீர்புகாத உறை வைத்தது என்று விற்பனையாளர் கூடுதல் விலைக்கு ஒன்றைக் காட்டுவார். தாழ்ந்த காலணியில் அது தேவையில்லை. கணுக்காலளவு நீரில் கால் வைத்தால் மேல்வழியாக உள்ளே போன நீர் வெளியே வர வழியின்றித் தங்கிவிடும். நனைந்து சீக்கிரம் காயும் காலணியே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. பருத்திக் காலுறையைத் தவிருங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தோலைக் கொப்புளமாக்கும். செயற்கை இழைக் காலுறை இரண்டு சோடி எடுத்துச் செல்லுங்கள். நண்பகல் உணவு வேளையில் மாற்றிக்கொண்டால் பிற்பகல் ஆட்டம் புதிதாகத் தொடங்கும்.

நாடா கட்டும்போது, மேலே கடைசியாக ஒரு கூடுதல் துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை. நாடாவை அதே பக்கத்துத் துளையில் விட்டு ஒரு வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மதுரை ஐயா சொன்ன ஏறி இறங்கும் தொல்லை பெருமளவு குறையும். முடிச்சின் நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள், புதரில் மாட்டும்.

தரையைப் பற்றி ஒரு கடைசி எச்சரிக்கை. ஆட்டம் தொடங்கும் இடத்திலும் எல்லோரும் பதுங்கும் பங்கர்களின் பின்னாலும் உடைந்த குண்டுகளின் ஓடுகள் குவிந்திருக்கும். ஓடு ஜெலட்டின், உள்ளே இருப்பது பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த சாயம். இரண்டும் நனைந்தால் எண்ணெய் கொட்டிய தரைதான். எந்தப் பல்லும் அங்கே முழுதாகக் கைகொடுக்காது, அடியைச் சிறிதாக வையுங்கள். காலணியில் பட்டு உடைந்த குண்டும் கணக்கில் சேரும் என்பதை மறவாதீர்கள். பங்கருக்கு வெளியே நீட்டிய காலால் ஆட்டமிழந்தவர்கள் ஏராளம்.

கோவைக்காரி

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஆட்டம் கடந்த சனிக்கிழமை முடிந்தது.

இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு ஒரு காட்டுப்பாதைக் காலணி வாங்கி, மூன்று வாரம் காலை நடைக்கு அதையே போட்டுப் பழக்கினேன். திடல் ஒரு தைலமரத் தோப்பு. முந்தைய நாள் மழை பெய்திருந்ததால் மண் வழுக்கும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் மண்ணைவிட, சருகுக்குள் மறைந்து கிடந்த தைலமரக் காய்கள்தான் தொல்லை கொடுத்தன. கோலிக்குண்டின் மேல் கால் வைப்பதுபோல அவை உருண்டன. ஒருமுறை வலது பாதம் உட்புறமாகச் சாயத் தொடங்கியதைத் தெளிவாக உணர்ந்தேன். பட்டை இழுத்துப் பிடித்தது, கால் தானாகத் திரும்பிக்கொண்டது. பல் துலக்கிய நேரம் வீண் போகவில்லை, மதுரை ஐயா.

ஸ்டட் காலணியோடு வந்த நண்பர் முதல் ஆட்டத்திலேயே கிடைமட்டமாகப் போட்டிருந்த மரக்கட்டையின் மேல் ஏறி வழுக்கி விழுந்தார். அடி பெரிதில்லை, ஆனால் மீதி நாளை மார்க்கரோடு உட்கார்ந்தே கழித்தார். வாடகை பூட்ஸ் வாங்கியவர்களில் ஒருவர் ஒன்பதாம் எண் பூட்ஸுக்குள் செய்தித்தாள் அடைத்துக்கொண்டு ஆடினார். மாலையில் அவருடைய இரண்டு குதிகால்களிலும் கொப்புளம். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்: எங்கள் அணியில் கடைசிவரை நின்றவர், பழைய கேடட் அண்ணா சொன்ன அதே டி.எம்.எஸ். பூட்ஸ் போட்டவர். ஊர்க்காவல் படையில் பன்னிரண்டு ஆண்டுகளாக அதைப் போட்டு நடந்தவராம்.

நான் நான்காம் ஆட்டத்தில் வெளியேறினேன். ஈப்போ அண்ணா எச்சரித்தபடியே இடது காலணியின் நுனியில் ஆரஞ்சு நிறம்.

இப்போது ஒரே ஒரு கேள்வி. துணிப்பகுதியில் அந்த நிறமும் செம்மண்ணும் சேர்ந்து படிந்திருக்கின்றன. சலவை இயந்திரத்தில் போடலாமா?

பழைய கேடட்

கடைசிவரை நின்றவர் எதைப் போட்டிருந்தார் என்பதை இன்னொரு முறை எழுதுங்கள், நண்பர்கள் எல்லோரும் படிக்கட்டும்.

ஆம்பூர் அச்சு

இயந்திரம் வேண்டாம் அம்மா, வெந்நீரும் வேண்டாம். சூடு பசையை இளக்கும். முதலில் மண்ணை நன்றாகக் காயவிட்டு, பற்களுக்கு நடுவே பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் செம்மண் துணிக்குள் ஏறிவிடும். சாயம் நீரில் கரைவதுதான், குளிர்ந்த நீரில் சிறிது சோப்புத்தூள் கலந்து துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். இன்சோலையும் நாடாவையும் தனியே எடுத்துக் கழுவுங்கள். உள்ளே செய்தித்தாளை உருட்டி அடைத்து நிழலில் வைத்து, தாள் ஈரமானதும் மாற்றுங்கள். காய்ந்த பிறகு பெட்டிக்குள் போடாமல், வாசல் அலமாரியிலேயே வைத்து வாரத்துக்கு இரண்டு நாளாவது போட்டு நடங்கள்.